நாலாவது வாங்கு

11 பெப்ரவரி 2024, ஞாயிறு

மூன்று வாங்கு. நாலாவதில் ஒரு வெள்ளைக்காரச் சோடி. நிலாவெளியிலிருந்து வந்திருக்க வேணும். இரண்டாவது பாட்டோடு எழும்பிப் போய்விட்டார்கள். காணிக்கைப் பையில் ஐந்து டொலர் தாள் ஒன்று. கணக்குப் புத்தகத்தில் எந்த நிரலில் எழுதுவது?

பிரசங்கம் பதினொரு நிமிடம். மணிக்கூடு பார்த்தேன். முன்பிருந்த போதகர் நாற்பது நிமிடம் பேசுவார். அப்போதும் மூன்று வாங்குதான்.

முழங்கால் நோ. படி இறங்கும்போது கூடுதல்.

14 பெப்ரவரி, புதன்

சாம்பல் புதன். சந்தியில் ரோசாப்பூ விற்கிறார்கள். காதலர் தினமும் இன்றுதானாம். போதகர் ஐயா நெற்றியில் சாம்பல் பூசினார். "இது கத்தோலிக்கருடையது" என்று பெரியவர் என் காதுக்குள் சொன்னார். முதல் ஆளாகப் போய் நின்றவரும் அவர்தான்.

வீட்டில் கண்ணாடி பார்த்தேன். கழுவ மனம் வரவில்லை. அப்படியே படுத்தேன். தலையணை உறை பாழ்.

16 பெப்ரவரி, வெள்ளி

ஐயாவின் மோட்டார்சைக்கிள் உள்துறைமுக வீதியில் ஒரு வீட்டு வாசலில் நின்றது. நான் சந்தைக்குப் போய், பாரை விலையைக் கேட்டு, சூடை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், இன்னும் அங்கேதான். ஒரு வீட்டில் இவ்வளவு நேரம் என்ன கதை? அந்த வீட்டார் கோவில் பக்கம் வந்து வருசக்கணக்கு. ஒழுங்காகச் சந்தா கட்டுகிற நான் காய்ச்சலில் கிடந்தபோது வந்தவர் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்தான் இருந்தார்.

பொறாமைதான். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

18 பெப்ரவரி, ஞாயிறு

மூன்று வாங்கு. மூன்றாவதில் ஆளுக்கு ஆள் இடைவெளி.

அறிவித்தல்: இனிச் சனி மாலைகளில் மிசன் வீட்டு விறாந்தையில் ஆராதனை. பிறீமா, டோக்கியோ சீமெந்து, துறைமுகம் என்று ஞாயிறும் வேலை முறை வருகிற பெடியளுக்காக. சபைக் கூட்டத்தில் கேட்கவில்லை. கர்த்தருடைய நாள் ஞாயிறு. நான் வாய் திறக்கவில்லை. பொருளாளர் திறந்தார். "மாவு ஆலை ஞாயிறு நிற்காது அண்ணை" என்றார் ஐயா. அவ்வளவுதான் பதில். சிரிப்பு வேறு.

20 பெப்ரவரி, செவ்வாய்

அலுமாரியில் கறையான். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை வெயிலில் வைக்கச் சொன்னார். விரித்து வைத்தவள் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். வேலை நடக்கவில்லை.

தகப்பன் தொழில் என்ற நிரல். டொக்கியாட் பிட்டர். டொக்கியாட் கிளாக்கர். டொக்கியாட் தச்சன். பக்கம் பக்கமாக டொக்கியாட். பறங்கிப் பெயர்கள். 1957 ஒக்டோபரில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்கு ஒரு பக்கமே கூட. பறங்கியர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள், ஆங்கில ஆராதனையும் அவர்களோடு போயிற்று. 1964 டிசம்பர் புயலில் நனைந்த தாள்கள் இன்னும் ஒட்டிக் கிடக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பிறகு ஓரத்தில் பென்சில் எழுத்து. மண்டபம் முகாம். இலண்டன். ரொறன்ரோ. 1990இல் ஓரம் போதவில்லை.

எந்தப் போதகர் வந்து இதை நிறுத்தியிருப்பார்? மூன்று வாங்கு இருப்பதே பெரிது என்று தோன்றியது. பின்நேரம் தோன்றவில்லை.

என் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நானே எழுதினேன். ஸ்காபரோ.

24 பெப்ரவரி, சனி

பார்க்கத்தான் போனேன். விறாந்தையில் பாய். எனக்கு மட்டும் கதிரை. ஒருவன் தலைமயிரில் சீமெந்துத் தூள், குளிக்காமல் வந்திருக்கிறான். செபத்தில் இன்னொருவன் நித்திரை. எழுப்பக் கை நீட்டினேன். ஐயா வேண்டாமென்று கண் காட்டினார். ஆராதனை முடிந்து பாண் வந்தது, சம்பல் வந்தது, அவன் நித்திரைதான்.

இது ஆராதனையா? தெரியாது. பாட்டு மட்டும் நன்றாக இருந்தது. பெடியளுக்குப் பழைய கீர்த்தனை தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

25 பெப்ரவரி, ஞாயிறு

மூன்று வாங்கு. மின்விசிறிகள் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன, வெறும் வாங்குகளுக்கு மேலேயும். கூரை, நிறப்பூச்சு, மின்விசிறி எல்லாம் 2004 சுனாமிக்குப் பிறகு வந்த காசு. கட்டடம் இதைவிட வடிவாக ஒருநாளும் இருந்ததில்லை. பின்பக்க விசிறிகளை நிறுத்தினேன். மின்சாரச் சிட்டையை நான் அல்லவா கட்டுகிறேன்.

28 பெப்ரவரி, புதன்

லெந்துப் பாடம். சரியான வெக்கை. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது.

பிரிஸ்டல் கதை சொன்னார். 1742. வெஸ்லியின் ஆட்களுக்குக் கட்டடக் கடன். கிழமைக்கு ஆளுக்கு ஒரு பென்னி என்று தீர்மானம். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு. அவர் வீடு வீடாகப் போய் வாங்க வேணும், இல்லாதவனுக்குத் தன் கையிலிருந்து போட வேணும். காசுக்குப் போனவர்கள் வீட்டுக் கோலங்களைக் கண்டார்கள். யார் குடிக்கிறான், யார் யாரோடு பேசுவதில்லை, யார் சுகமில்லாமல் கிடக்கிறான். வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். கடன் வசூல் வகுப்புக் கூட்டமாக மாறியது. மெதடிஸ்தம் பரவியது அந்தக் கூட்டங்களால் என்றார்.

பிறகு கேட்டார்: "நாங்கள் சந்தாவுக்குப் போன வீடுகளில் என்ன கண்டோம்?"

"சந்தாவைக் கண்டோம்" என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனையாவெளி அக்கா ஞாபகம்.

1 மார்ச், வெள்ளி

பெண்களின் உலக செபநாள். இந்த வருச ஒழுங்கு பலஸ்தீனப் பெண்கள் எழுதியது. கத்தோலிக்க, அங்கிலிக்கன் பெண்களும் வந்தார்கள். ஏழு வாங்கு! காசாச் செய்தியை வாசித்த பிள்ளைக்குக் குரல் நடுங்கியது. பிறகு ஒருத்தி எழும்பினாள், ஒழுங்கில் அவள் பெயரே இல்லை. 90 சண்டையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இருந்ததைச் சொன்னாள். அவளை எத்தனையோ வருசமாகத் தெரியும். இது தெரியாது.

ஐயா பீடத்துப் பக்கமே வரவில்லை. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். சீனி கூட.

3 மார்ச், ஞாயிறு

மூன்று வாங்கும் நாலாவதில் இரண்டு பேரும். உள்துறைமுக வீதிக்காரி, மகளோடு. ஆராதனை முடிந்து எல்லாரும் வழக்கம்போல் தங்கள் தங்கள் ஆட்களோடு கதை. அவர்கள் இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஐயா தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. போனேன். பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று கேட்டேன். ஏ.எல். படிக்கிறாளாம், இரசாயனம் கடினமாம். நான் முப்பது வருசம் படிப்பித்த பாடம்.

வியாழன் வரச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

5 மார்ச், செவ்வாய்

மனையாவெளிக்கு ஐயாவோடு போனேன். கூப்பிட்டார், தட்ட முடியவில்லை. அக்கா யன்னலை மட்டும் திறந்தா. என்னைக் கண்டதும் அதையும் சாத்தினா.

புருசன் செத்த அன்று அடக்கத்துக்கு முன் பாக்கிச் சந்தாவைக் கட்டச் சொன்னார்கள். காப்பு அடகு வைத்துக் கட்டினா. புருசனை அடக்கம் செய்தா. அதற்குப் பிறகு வரவில்லை. கேட்டவரும் இப்போது அதே சேமக்காலையில், நாலைந்து குழி தள்ளி. சட்டம் சட்டம்தான், பாக்கி பாக்கிதான். அப்படித்தான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன்.

வழியில் ஐயா ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். மோட்டார்சைக்கிளில் பக்கவாட்டில் இருந்து இடுப்பு விட்டுப்போயிற்று.

8 மார்ச், வெள்ளி

சிவராத்திரி. விடிய விடியச் சனம். கோட்டை வாசலால் கோணேசர் கோவிலுக்கு ஆறு மாதிரி ஏறுகிறது. குழந்தை, கிழவி, கொழும்பு பஸ். நான் யன்னலடியில் இருந்து பார்த்தேன். பொறாமை என்று எழுதலாமா? அங்கே யாரும் வாங்கு எண்ணுவதில்லை.

சனிக்கிழமைப் பெடியள் வீதியோரம் மேசை போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஐயா தேசிக்காய் பிழிந்தார். பொருளாளர் தொலைபேசியில் கத்தினார். சிலைக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீரா என்று. தாகத்துக்குத் தண்ணீர் என்று நான் சொன்னேன். சொன்ன பிறகு கை நடுங்கியது.

10 மார்ச், ஞாயிறு

மூன்று வாங்கு. இரண்டு குடும்பம் கோபத்தில் வரவில்லை. உள்துறைமுக வீதிக்காரி வந்தா. பெடியன் ஒருவன் வேலை முடிந்த கையோடு வந்து கடைசி வாங்கில் இருந்தான்.

கூட்டிக் கழித்தால் அதே மூன்று. ஆனால் அதே ஆட்கள் இல்லை.

13 மார்ச், புதன்

ஐயாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. இடமாற்றம். வந்து இன்னும் இரண்டு வருசம் நிறையவில்லை. மெதடிஸ்தருக்கு இது புதிதா? போதகர் ஓரிடத்தில் வேர்விடக் கூடாது என்பதுதான் ஆதியிலிருந்து ஒழுங்கு.

போகட்டும். நல்லது. இனி விறாந்தையில் பாய் விரிக்கிற வேலை இல்லை, சட்டை முதுகோடு ஒட்ட மோட்டார்சைக்கிளில் ஏறுகிற வேலை இல்லை.

இரவு சாப்பாடு இறங்கவில்லை.

15 மார்ச், வெள்ளி

தடிமன். உடம்பு உளைவு. பக்கத்து வீட்டுப் பிள்ளை நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். இஞ்சியும் உள்ளியும் தொண்டைக்கு இதம். பனடோல் போட்டுப் படுத்தேன். இரசாயனக்காரி வந்து கதவைத் தட்டினாள். காய்ச்சல் என்று திருப்பி அனுப்பினேன். அவள் போகாமல் விறாந்தையில் இருந்து கணக்குச் செய்தாள். மூல் கணக்கு. இரண்டு பிழை.

17 மார்ச், ஞாயிறு

அறிவித்தல் வாசித்தவள் நான்தான். உக்கிராணக்காரரின் வேலை. குரல் உடையாமல் வாசித்தேன். மூன்றரை வாங்கும் அழுதது. தண்ணீருக்குக் கோபித்த குடும்பமும் வந்து அழுதது! கொழும்புக்குக் கையெழுத்து வைத்து அனுப்புவோம் என்றார் பொருளாளர். அவரேதான்.

ஐயா வேண்டாம் என்றார். பிறகு கோக் கதை. டொக்டர் கோக் இலங்கைக்கு மிசனறிகளைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் 1814 மே 3 கப்பலிலேயே செத்துப்போனார். கடலில் இறக்கினார்கள். கூட வந்த இளம் ஆட்கள் பம்பாயில் தலையும் இல்லை, காசுக்கு வழியும் இல்லை என்று நின்றார்கள். ஜூன் 29 காலிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் மாத்தறை, இருவர் யாழ்ப்பாணம். அவர்களில் ஓல்ட் என்பவர் தனியாக மட்டக்களப்புக்கு. அடுத்த ஏப்ரலில் அவரும் முடிந்தார். வேலை முடியவில்லை.

இந்தக் கதையை ஞாயிறு பாடசாலையிலிருந்து கேட்கிறேன். இன்றுதான் கோபம் வந்தது. செத்தவர்களைக் காட்டிவிட்டு உயிரோடு இருக்கிறவர் போகிறார்.

19 மார்ச், செவ்வாய்

மிசன் வீட்டில் கூப்பிட்டு ஆளுக்கொரு கொப்பி கொடுத்தார். ஐயாவின் கையெழுத்து, கோழி கிண்டின மாதிரி. வீடுகள். யார் யார், என்ன வருத்தம், எந்தப் பிள்ளை எந்த நாட்டில், எப்போது போனால் ஆள் இருக்கும், எந்தக் கதையை எடுக்கக் கூடாது. வருகிறாரா இல்லையா என்ற நிரல் மட்டும் இல்லை. தேடினேன், இல்லை.

பெரியவருக்கு மட்கோப் பக்கம். பொருளாளருக்கு உப்புவெளி. சீமெந்துத் தூள் பெடியனுக்கும் ஒரு கொப்பி! எனக்கு ஓர்ஸ்ஹில்லும் மனையாவெளியும்.

"நான் ரீச்சர். போதகர் இல்லை" என்றேன்.

"அதனால்தான் ரீச்சர் உங்களுக்கு இடமாற்றம் வராது" என்றார்.

கொப்பியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பின்நேரம் பெடியன் கொண்டுவந்து தந்தான்.

21 மார்ச், வியாழன்

நித்திரை இல்லை. அப்பா டி.ரி. நைல்ஸின் பிரசங்கம் கேட்டதைச் சாகும்வரை சொன்னார். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபை மன்றம் தொடங்கியபோது பேசியவர். 1968இல் உப்சாலாவில், கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங் பேசியிருக்க வேண்டிய இடத்தில் பேசியவர். அந்த மனிதர் யாழ்ப்பாணத்தில் ஒரு சபைக்குப் போதகராகவும் இருந்தார். அங்கே வாங்கில் இருந்தவர்கள் யார், அவர் போன பிறகு என்ன செய்தார்கள் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

மகன் எடுத்தான். வீட்டை விற்றுவிட்டு வரட்டாம். அங்கே தமிழ்ச் சபை பெரிதாம், கார் நிறுத்த இடமில்லையாம். சரி சரி என்றேன். கொப்பியில் ஓர்ஸ்ஹில் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

24 மார்ச், ஞாயிறு

குருத்தோலை. படலையை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். மான்கள் உள்ளே வந்து குருத்தோலையில் பாதியைத் தின்றுவிட்டன. மிச்சத்தைக் கிழித்துக் கிழித்து ஆளுக்கொரு துண்டு. பவனி வீதி முடக்கு வரை போனது. ஐந்து வாங்கு, பிள்ளைகளோடு.

யார் படலையைத் திறந்தது என்று விசாரித்தேன். ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

28 மார்ச், வியாழன்

பெரிய வியாழன். கால் கழுவுதல். தான் கழுவமாட்டேன், ஆளுக்கு ஆள் கழுவுங்கள் என்றார். எனக்கு எதிரே பொருளாளர். இவருடைய காலா என்று இருந்தது. குதிகால் வெடித்து, சின்னவிரல் நகம் கறுத்து. நீரிழிவுக் கால். எத்தனை கூட்டத்தில் இவரோடு சண்டை பிடித்திருக்கிறேன், இந்தக் காலோடுதான் நடந்து வந்திருக்கிறார். என் முழங்கால் மடியவில்லை. அவர் கை கொடுத்துத் தூக்கினார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நாளை கிளினிக்குக்குப் போகச் சொல்ல வேணும். நாளை விடுமுறை. செவ்வாய்.

29 மார்ச், வெள்ளி

பெரிய வெள்ளி. கோவில் நிறைந்தது. இது ஒவ்வொரு வருசமும் நிறையும், கணக்கில் எடுக்கக் கூடாது. மனையாவெளி அக்கா வருவா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. ஏழு வார்த்தைகளில் மூன்றாவது ஒன்றும் காதில் ஏறவில்லை.

31 மார்ச், ஞாயிறு

உயிர்த்த ஞாயிறு. விடிய ஐந்து மணிக்கு டச்சுக்குடாக் கடற்கரையில். மணல் ஈரம், சேலைக்கரை நனைந்தது. வள்ளங்கள் திரும்பி வருகிற நேரம், இயந்திரச் சத்தத்தில் பாட்டு அமுங்கிப்போனது. கடற்கரையில் வாங்கு இல்லை, எண்ணவும் முடியாது. நல்லது.

ஒன்பது மணிக்குக் கோவிலில். வாசலில் பொலிசார் இருவர். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு வழமை. இரசாயனக்காரி அவர்களுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

3 ஏப்ரல், புதன்

பிரியாவிடைக்கு என்ன கொடுப்பது என்று இரண்டு மணித்தியாலம் சண்டை. மோதிரம் என்றார் ஒருவர். கைக்கடிகாரம் என்றார் இன்னொருவர். "மோட்டார்சைக்கிளுக்குப் புது ரயர்" என்றான் பெடியன். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ரயர்தான் முடிவாகியது.

சனிக்கிழமை ஆராதனை யார் நடத்துவது என்று யாரும் கேட்கவில்லை. பெடியன் தான் கொப்பியில் எழுதிவிட்டானாம், யார் எந்தக் கிழமை என்று. என் பெயரும் இருக்கிறது. கேட்காமல் எழுதியிருக்கிறான். ஐயாவிடம் படித்தது.

6 ஏப்ரல், சனி

ஓட்டோ பிடித்துத் தனியாக மனையாவெளி. கொப்பியில் அக்காவுக்கு நேரே எழுதியிருந்தது: காலையில் போகவும், கோவில் கதை எடுக்க வேண்டாம். யன்னல் திறந்தது. முழங்கால் நோ, இருக்க ஒரு கதிரை தா அக்கா என்றேன். பொய் இல்லையே. கதவு திறந்தது.

பிறகு திட்டு. எல்லாருக்கும், எனக்கும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெயில் முற்றத்திலிருந்து விறாந்தைக்கு ஏறிவிட்டது. தண்ணீர்கூடத் தரவில்லை. ஒரு இடத்தில் உள்ளே போய் பிஸ்கட் டின் கொண்டுவந்தா. அதற்குள் அன்று கட்டிய சந்தாவின் பற்றுச்சீட்டு. மை மங்கி, மடிப்பில் கிழிந்து. அடகுச் சீட்டும் அதோடு. காப்பு மீட்கவே இல்லை.

"வரமாட்டேன். அதைக் கேட்க வந்திருந்தால் இப்பவே போ" என்றா.

கேட்கவில்லை. பற்றுச்சீட்டு இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டேன்.

7 ஏப்ரல், ஞாயிறு

நாலு வாங்கு. பிரசங்கம் பன்னிரண்டு நிமிடம்.

முடிந்ததும் ஐயாவிடம் சொன்னேன், அக்காவின் காசைச் சபை திருப்பிக் கொடுக்க வேணும், இனி அடக்கத்துக்கு முன் சந்தா கேட்கிற வழக்கத்தையும் எடுக்க வேணும், போகுமுன் கூட்டத்தில் ஐயா சொல்லிவிட்டுப் போங்கள் என்று. மாட்டேன் என்றார். "நான் சொன்னால் நான் போனதோடு போய்விடும். நீங்கள் வையுங்கள் ரீச்சர்."

சரியான கோபம். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு பிரேரணை எழுதினேன். வெட்டி வெட்டி மூன்று தாள். பற்றுச்சீட்டு இலக்கம், தொகை, திகதி. வழிமொழியப் பெரியவரைக் கேட்டேன், யோசிக்கிறாராம். பெடியன் ஓம் என்றுவிட்டான், ஆனால் அவன் முழு அங்கத்தவனா என்று யாப்பைப் பார்க்க வேணும். பொருளாளர் எதிர்ப்பார். வைப்பு நிதி குறையும் என்பார், எல்லாரும் கேட்டு வருவார்கள் என்பார். வரட்டும். கூட்டத்துக்கு முன் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். காத்திருக்கிற வரிசையில் சொல்ல நேரம் இருக்கும்.